வெயில் 40 டிகிரி... கார் இன்ஜினுக்கு 'தெர்மல் கேஸ்கட்' போட்டால் பவர் ஏறுமா? காசு செலவழிக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

மதிய வெயிலில் உடையார்பாளையம் டீக்கடை ஓரம் காரை நிறுத்துகிறீர்கள். 15 நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்து ஜெயங்கொண்டம் பக்கம் கிளம்பினால், முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வண்டி மந்தமாக இழுக்கிறது. ஏசி போட்டால் இன்னும் சோம்பல். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது. கோடையில் பெட்ரோல் கார் ஓட்டும் பலருக்கும் இது பழகிய அனுபவம்.

இதுக்கு மருந்து என்று சொல்லி ஒரு பொருள் விற்கப்படுகிறது. பேரு 'தெர்மல் கேஸ்கட்'. ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்கள் மத்தியில் ரொம்ப வருஷமாகப் புழங்கும் இந்தச் சின்னத் தகடு, இப்போது சாதாரண கார் வைத்திருப்பவர்களின் கண்ணிலும் பட ஆரம்பித்திருக்கிறது. "இதைப் போட்டா இன்ஜின் கூல், பவர் டபுள்" என்ற பேச்சில் எவ்வளவு உண்மை? நம்ம ஊர் வெயிலுக்கும் ரோட்டுக்கும் இது ஒத்துவருமா? விரிவாகப் பார்க்கலாம்.

சூடான காற்று இன்ஜினுக்கு ஏன் ஆகாது?

பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். இன்ஜின் ஒவ்வொரு முறையும் உறிஞ்சும் காற்றின் கொள்ளளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் காற்று சூடானால் விரிந்து லேசாகிவிடும். அதே ஒரு லிட்டர் இடத்தில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும்.

கணக்கு எளிது. 40 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்று 50 டிகிரிக்கு ஏறினால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். 60 டிகிரிக்குப் போனால் சுமார் 6 சதவீதம் குறையும். காற்று குறைந்தால் அதுக்கு ஏற்ற பெட்ரோலும் குறையும். இழுவையும் குறையும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால், ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிட வாய்ப்பு அதிகம். இதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். மேடு ஏறும்போது டக்... டக்... என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனே பாழாகும்.

இப்போதைய கார்களில் இருக்கும் கம்ப்யூட்டர், அதாவது ஈசியூ, இதைத் தடுக்க ஸ்பார்க் கொடுக்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். இன்ஜின் தப்பிக்கும், ஆனால் பவர் குறையும். டீக்கடையிலிருந்து கிளம்பியதும் வண்டி சோம்பலாக இருப்பதில் இதுக்கும் பங்கு உண்டு.

இந்தச் சூடு எங்கிருந்து வருது?

முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, இன்ஜின் காற்றை எங்கிருந்து எடுக்கிறது என்பது. வெளிக்காற்றை எடுத்தால் 40 டிகிரி. பானட்டுக்குள் ரேடியேட்டரும் சைலன்சர் பக்கத்து மேனிபோல்டும் சூடாக்கிய காற்றை எடுத்தால் அதைவிட மிக அதிகம்.

இரண்டாவது, போகும் வழியில் ஏறும் சூடு. ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் காற்று, இன்டேக் மேனிபோல்டு என்ற குழாய் அமைப்பு வழியாகப் பிரிந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிறது. இந்த மேனிபோல்டு, சிலிண்டர் ஹெட்டோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். ஹெட்டுக்குள் ஓடும் கூலன்ட் தண்ணீரே 90 டிகிரியை ஒட்டி இருக்கும். மேனிபோல்டு அலுமினியத்தில் செய்ததாக இருந்தால், அந்தச் சூடு அப்படியே அதுக்கும் கடத்தப்படும்.

வண்டி ஓடும்போது முன்னால் இருந்து வரும் காற்று கொஞ்சம் ஆற்றும். நிறுத்திய பிறகுதான் பிரச்னை. தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், பானட்டுக்குள் காற்றோட்டமும் இருக்காது. இன்ஜினில் சேர்ந்த சூடு மெல்ல மெல்லச் சுற்றியுள்ள எல்லா பாகங்களுக்கும் ஏறும். ஆங்கிலத்தில் இதை 'ஹீட் சோக்' என்கிறார்கள். நிறுத்தி வைத்த வண்டியில் சில பாகங்கள் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சுடுவது இதனால்தான்.

தெர்மல் கேஸ்கட் என்ன செய்யும்?

பிரஷர் குக்கர் கைப்பிடியை நினைத்துக்கொள்ளுங்கள். குக்கர் கொதிக்கும்போதும் அந்தக் கருப்புக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்க முடிகிறது. காரணம், அது சூட்டைக் கடத்தாத பேக்லைட்டால் ஆனது. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த லியோ பேக்லேண்ட் என்ற வேதியியலாளர் 1907-ல் உருவாக்கிய பொருள் அது.

மேனிபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் எப்படியும் ஒரு கேஸ்கட் இருக்கும். நம்ம ஊர் ஒர்க் ஷாப்பில் 'பேக்கிங்' என்பார்கள். காற்று கசியாமல் அடைப்பதுதான் அதன் வேலை. தெர்மல் கேஸ்கட் என்பது அதே இடத்தில் உட்காரும், ஆனால் சூட்டையும் தடுக்கும் பேக்கிங். பேக்லைட் வகை தகடு, சூடு தாங்கும் பிளாஸ்டிக், பல அடுக்கு கலவைப் பொருள் என்று பல விதமாக வருகிறது. அலுமினியம் சூட்டைக் கடத்தும் வேகத்தோடு ஒப்பிட்டால், இந்தப் பொருட்கள் கடத்துவது சில நூறில் ஒரு பங்குதான்.

ஒன்றை கவனிக்க வேண்டும். கேஸ்கட் இன்ஜினைக் கூல் செய்யாது. இன்ஜின் அதே சூட்டில்தான் இருக்கும். அந்தச் சூடு காற்று போகும் குழாய்க்கு ஏறுவதை மட்டும்தான் இது குறைக்கும். அதையும் முழுசாகத் தடுக்காது. இறுக்கும் போல்ட்டும் ஸ்டட்டும் இரும்பு என்பதால், அவை வழியாகக் கொஞ்சம் சூடு தாண்டத்தான் செய்யும்.

இது நம்மளுக்குப் புதுசா?

இல்லவே இல்லை. கார்புரேட்டர் வைத்த பழைய பைக்கைப் பிரித்தவர்களுக்குத் தெரியும். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் தடிமனான ஒரு கருப்பு பேக்லைட் துண்டு இருக்கும். மெக்கானிக்குகள் 'இன்சுலேட்டர்' என்று கேட்டு வாங்குவார்கள். கம்பெனியே போட்டுக் கொடுத்த தெர்மல் கேஸ்கட்தான் அது.

அங்கே அதன் தேவை பவருக்காக மட்டும் இல்லை. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கிவிடும். இன்சுலேட்டர் இல்லாவிட்டால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்யும்.

அம்பாசடர், பத்மினி காலத்து டிரைவர்களைக் கேட்டால் இன்னொரு கதை சொல்வார்கள். கோடையில் பெட்ரோல் பம்ப்பில் ஆவி அடைத்து வண்டி நின்றுவிடும். பம்ப் மேல ஈரத்துணியைப் போட்டு, ஆறும்வரை காத்திருந்து கிளம்புவார்கள். சூட்டைத் தடுக்கும் அதே போராட்டம்தான். இப்போதைய இன்ஜெக்ஷன் கார்களில் பெட்ரோல் அழுத்தத்தோடு ஓடுவதால் அது கொதிப்பது அரிது. மிச்சம் இருப்பது காற்று சூடாகும் பிரச்னை.

ஸ்போர்ட்ஸ் கார்காரர்கள் ஏன் விரும்புறாங்க?

டர்போ இல்லாத, அதிக ஆர்பிஎம்மில் பவர் எடுக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒவ்வொரு சதவீதமும் கணக்கு. 1999 முதல் 2009 வரை ஹோண்டா தயாரித்த எஸ்2000 இதுக்கு நல்ல உதாரணம். அலுமினிய மேனிபோல்டு கொண்ட ஹோண்டா இன்ஜின்களுக்காகவே அமெரிக்காவின் ஹோண்டாடா போன்ற நிறுவனங்கள் தெர்மல் கேஸ்கட் விற்கின்றன. இந்தியாவில் 2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி விடெக் காரை இன்னும் பாதுகாத்து ஓட்டும் ரசிகர்களுக்கும் இது தெரிந்த விஷயம்.

தமிழ்நாட்டுக்கு கார் பந்தயம் பழசு. சென்னையை அடுத்த சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம் உண்டு. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தயத்தில் கார்கள் வரிசையில் நின்று, ஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கும் நிமிஷங்களில்தான் மேனிபோல்டு சூடாகும். அந்த இடத்தில் இந்தக் கேஸ்கட்டுக்கு அர்த்தம் இருக்கு. ஆனால் அங்கேயும் ஒரே மாடல் கார்கள் ஓடும் பிரிவுகளில் இன்ஜினை இஷ்டத்துக்கு மாற்ற விதி இடம் தராது.

சரி, நிஜமாவே எவ்வளவு பவர் கிடைக்கும்?

இங்கேதான் விளம்பரமும் கணக்கும் பிரிகின்றன.

1.2 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது, நொடிக்குச் சுமார் 60 லிட்டர் காற்றை உறிஞ்சும். மேனிபோல்டுக்குள் 3 லிட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொண்டால், காற்று அங்கே தங்குவது ஒரு நொடியில் 20-ல் ஒரு பங்கு நேரம்தான். அவ்வளவு அவசரமாக ஓடும் காற்று, சுவரிலிருந்து அதிகச் சூட்டை வாங்க நேரமே இருக்காது. அதாவது முழு வேகத்தில், முழு பவர் எடுக்கும் நேரத்தில், கேஸ்கட்டின் பலன் குறைவு.

ஐட்லிங்கில் கதையே வேற. அப்போது இன்ஜின் எடுப்பது அதில் இருபதில் ஒரு பங்கு அளவு காற்றுதான். மெதுவாக நகரும் காற்று நன்றாகச் சூடாகிவிடும். டிராஃபிக், டோல்கேட், டீக்கடை நிறுத்தம் ஆகியவற்றுக்குப் பிறகு கிளம்பும் முதல் சில நிமிஷங்களில்தான் வித்தியாசம் தெரிய வாய்ப்பு.

ஒரு பேச்சுக்கு, கேஸ்கட் போட்டதால் உள்ளே போகும் காற்று 5 டிகிரி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் அடர்த்தி சுமார் ஒன்றரை சதவீதம் கூடும். 100 பிஎச்பி காரில் அது அதிகபட்சம் ஒன்று, ஒன்றரை பிஎச்பி. ஓட்டுபவரின் காலுக்கே தெரியாத அளவு. "பவர் டபுள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்க கார்ல ஏற்கெனவே இருக்கலாம்!

பானட்டைத் திறந்து மேனிபோல்டைப் பாருங்கள். கருப்பு நிறத்தில், தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் வருகிறதா? அப்படியென்றால் உங்களுக்கு இந்தக் கேஸ்கட் தேவையே இல்லை. இன்றைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் கண்ணாடி இழை கலந்த நைலான் மேனிபோல்டுதான் வருகிறது. எடை குறைவு, விலை குறைவு என்பதோடு, சூட்டைக் கடத்தாது என்ற பலனும் அதில் சேர்ந்தே கிடைக்கிறது. குழாய் முழுக்கவே குக்கர் கைப்பிடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டர்போ கார் என்றால் இன்னொரு விஷயம். டர்போ காற்றை அழுத்தும்போதே அது நன்றாகச் சூடாகிறது. அதை ஆற்றுவது இன்டர்கூலரின் வேலை. அங்கே கவனிக்க வேண்டியது இன்டர்கூலர் சுத்தமாக இருக்கா, அதன் ஹோஸ் கசியாமல் இருக்கா என்பதைத்தான்.

ஆக, இந்தக் கேஸ்கட்டுக்கு அர்த்தம் இருப்பது அலுமினிய மேனிபோல்டு உள்ள, டர்போ இல்லாத பெட்ரோல் கார்களில் மட்டும். அவை பெரும்பாலும் பழைய கார்கள்.

அரியலூர் ரோட்டுக்கு முதல் வைத்தியம் வேற

ஸ்போர்ட்ஸ் லுக்குக்காகப் பலர் முதலில் செய்வது, கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, திறந்த 'கோன் ஃபில்டர்' மாட்டுவது. உறிஞ்சும் சத்தம் கம்பீரமாக இருக்கும். ஆனால் அது எடுப்பது பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை. வெளிக்காற்றைவிட 20 டிகிரி கூடுதலாக இருந்தாலே, மேலே பார்த்த கணக்குப்படி அடர்த்தியில் சுமார் 6 சதவீதம் போச்சு. தெர்மல் கேஸ்கட் தரும் லாபத்தைப் போல நாலு மடங்கு நஷ்டம், சத்தமாக!

அரியலூர் மாவட்டத்தில் இன்னொரு காரணமும் இருக்கு. சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் லாரிகளும் உள்ள இந்தப் பகுதி ரோடுகளில் தூசுக்குப் பஞ்சமில்லை. கம்பெனி ஃபில்டர் பெட்டி அந்தத் தூசைத் தடுக்கத்தான் அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தரமில்லாத ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் நுண்தூசு, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் உரைகல் போல தேய்த்துவிடும். பிறகு ஆயில் குடிக்கும், புகை விடும்.

அதனால் சூட்டைக் குறைக்க விரும்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை இவை:

• ஏர் ஃபில்டர் பெட்டிக்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் ஒடியாமல், கழன்று விழாமல் இருக்கா?

• சைலன்சர் மேனிபோல்டு மேல் இருக்கும் தகடு, அதாவது ஹீட் ஷீல்டு, இருக்கா? துருப்பிடித்து ஆடுகிறது என்று கழற்றி வீசப்பட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள்.

• ரேடியேட்டர் முன்னால் தூசும் பூச்சியும் அடைத்திருக்கா? ஃபேன் சரியான நேரத்தில் ஓடுதா?

• ஏர் ஃபில்டரை மேனுவலில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே பார்த்து மாற்றுங்கள். தூசு ரோட்டில் ஓடும் வண்டிக்குக் கம்பெனிகளே அப்படித்தான் சொல்கின்றன.

இவை எல்லாம் சேர்ந்தும் பெரிய செலவில்லை. பலனோ கேஸ்கட்டைவிட அதிகம்.

மாட்டும்போது எங்கே தப்பு நடக்கும்?

கேஸ்கட் சின்னதாக இருக்கலாம். அதை மாட்ட மேனிபோல்டையே கழற்ற வேண்டும். பெட்ரோல் லைன், இன்ஜெக்டர் ஒயரிங், சில கார்களில் கூலன்ட் ஹோஸ் என்று எல்லாம் கையில் வரும். அதனால் இன்ஜின் முழுசாக ஆறிய பிறகு, பேட்டரி ஒயரைக் கழற்றி, பெட்ரோல் லைனில் உள்ள அழுத்தத்தை இறக்கிய பிறகே வேலை தொடங்க வேண்டும். பெட்ரோல் சிந்தினால் தீ ஆபத்து.

அடுத்த சிக்கல் காற்றுக் கசிவு. தகடு சமமாக உட்காராவிட்டால், கம்ப்யூட்டர் கணக்கில் வராத காற்று உள்ளே புகும். ஐட்லிங் ஏறி இறங்கும், 'உஸ்' என்று சத்தம் வரும், செக் இன்ஜின் லைட் எரியும். பெட்ரோல் குறைந்த கலவையில் லோடு இழுத்தால் இன்ஜின் இன்னும் சூடாகும். சூட்டைக் குறைக்கப் போய் சூட்டை ஏற்றிய கதையாகிவிடும்.

சில இன்ஜின்களில் அதே முகப்பு வழியாகக் கூலன்ட் துளையும் போகும். உங்கள் இன்ஜினுக்கென்றே வெட்டாத கேஸ்கட்டைப் போட்டால், கூலன்ட் சிலிண்டருக்குள் கசிய வாய்ப்பு உண்டு. தடிமன் கூடுவதால் போல்ட் நீளம் போதுமா என்றும் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, டார்க் ரெஞ்ச் வைத்து கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குவதுதான் முறை. சில நாள் ஓடிய பிறகு மறுபடி செக் செய்வது நல்லது.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொல்லியிருக்கிறது. வாங்கும் பொருள் எத்தனாலைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

உயிர் விஷயம்: பழைய பேக்கிங்கைச் சுரண்டும் முன் நில்லுங்க

பவரைப் பற்றிய பேச்சில் பலரும் மறப்பது இதைத்தான். பழைய வண்டிகளின் பேக்கிங்கிலும், ஒர்க் ஷாப்பில் கத்தரித்துப் போடும் சில பேக்கிங் ஷீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இந்தியாவில் அதன் பயன்பாடு இன்னும் முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கை.

ஷீட்டாக இருக்கும்போது ஆபத்து குறைவு. ஹெட்டில் ஒட்டிக்கொண்ட பழைய பேக்கிங்கைக் காய்ந்த நிலையில் சுரண்டும்போதும், ஒயர் பிரஷ் போட்டுத் தேய்க்கும்போதும், கம்ப்ரஸர் காற்றால் ஊதும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கும். மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும். நோய் வெளியே தெரிய 20, 30 வருஷம்கூட ஆகலாம். கார் ஓனருக்கு இது ஒரு நாள் வேலை. மெக்கானிக் அண்ணனுக்கும் கூட நிற்கும் பையனுக்கும் இது தினசரி வேலை.

செய்ய வேண்டியது எளிது. பழைய பேக்கிங்கை நன்றாக நனைத்து, ஈரத்தோடு மெதுவாக எடுங்கள். ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கழிவையும் பையில் கட்டிவிடுங்கள். சாதாரணத் துணி மாஸ்க் இந்த இழைகளைத் தடுக்காது. வாங்கும்போது 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று எழுதியிருக்கா என்று பாருங்கள்.

போட்டா பலன் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

கையை வைத்துப் பார்த்து "ஜில்லுனு இருக்கு" என்று சொல்வது சோதனை ஆகாது. மேனிபோல்டு ஆறியிருப்பது வேறு, உள்ளே போகும் காற்று ஆறியிருப்பது வேறு. காரின் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் சின்ன புளூடூத் கருவி கடைகளில் கிடைக்கிறது. அதை செல்போனோடு இணைத்தால், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைப் பார்க்கலாம்.

கேஸ்கட் மாற்றும் முன்பும் பின்பும் அதே ரோடு, அதே நேரம், அதே வேகம், ஏசி ஒரே மாதிரி என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். வெளி வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். சென்சார் எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால், அதைத் தாண்டிய பிறகு மேனிபோல்டில் ஏறும் சூடு அதில் தெரியாது.

சட்டம், வாரண்டி என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ விதிக்க 2019 திருத்தத்தில் இடம் உண்டு. கேஸ்கட் ஆர்சியில் பதிவாகும் விவரம் இல்லை. ஆனால் வாரண்டி இருக்கும் காரில் மேனிபோல்டைக் கழற்றி வெளிப்பொருளைப் போட்டால், அது தொடர்பாகப் பின்னால் வரும் கோளாறுக்குக் கம்பெனி கை விரிக்கலாம். முன்கூட்டியே சர்வீஸ் சென்டரில் கேட்பது நல்லது.

அப்போ யார் போடலாம்?

அலுமினிய மேனிபோல்டு உள்ள பழைய காரை ஆசையாக வைத்திருப்பவர், எப்படியும் மேனிபோல்டைக் கழற்றும் வேலை வந்தால், அதோடு சேர்த்து அந்த இன்ஜினுக்கென்றே தயாரித்த தெர்மல் கேஸ்கட்டைப் போடலாம். நின்று கிளம்பும்போது வரும் மந்தம் கொஞ்சம் குறையும். அதுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பிளாஸ்டிக் மேனிபோல்டு, டர்போ, வாரண்டியில் இருக்கும் கார்... இந்த மூன்றில் ஒன்று உங்களுடையது என்றால் அந்தக் காசை ஏர் ஃபில்டருக்கும் கூலன்ட் சர்வீஸுக்கும் செலவழியுங்கள். டீக்கடையில் நிறுத்தும்போது நிழல் பார்த்து நிறுத்தினால், அதுக்குக் காசே இல்லை.